படத்தின் ஓரத்தில் இருந்த கோடு

பென்டிரைவை அவர் ஒரு எவர்சில்வர் சம்படத்தில் வைத்துக் கொண்டுவந்தார். முறுக்கு, அதிரசம் வைத்து அனுப்புகிற சின்னச் சம்படம். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கைக்குட்டை, கைக்குட்டைக்குள் பிளாஸ்டிக் பை, பைக்குள் கட்டைவிரல் நீளத்துக்குக் கறுப்பாக அது கிடந்தது. வெயில் பட்டால் கெட்டுப்போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சித்திரை மாதம், பகல் பன்னிரண்டு மணி. பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, அருப்புக்கோட்டை பஸ் நிலையத்திலிருந்து என் கடை வரைக்கும் நடந்திருக்கிறார். சேலைத் தலைப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை, சம்படத்தின் மேல் போட்டு மூடியிருந்தார். "தம்பி, இதுல அவுக இருக்காக" என்று சொல்லி மேஜைமேல் வைத்தார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். அவர் கணவர் செத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

என் தொழில் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். புதுக் கருவியில் எடுத்த வீடியோவைப் பழைய பெட்டியில் ஓடும்படி மாற்றிக் கொடுப்பது. சவூதியிலிருந்து மகன் போனில் அனுப்பிய வீடியோவை வீட்டிலிருக்கும் பழைய டிவிடி பெட்டியில் பார்க்க வேண்டும் என்று வருவார்கள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவை, தலைமையாசிரியர் அறையில் இருக்கும் தலையணை தடிமன் டிவியில் போட வேண்டும் என்று வருவார்கள். ஊரெல்லாம் பெரிய படம், தெளிவான படம் என்று முன்னால் போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் படத்தைச் சின்னதாக்கி, மங்கலாக்கி, பின்னால் அனுப்பிச் சம்பாதித்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கர்வம் வேறு. நான் மாற்றிக் கொடுத்து ஓடாத பெட்டி இந்த வட்டாரத்தில் கிடையாது என்று டீக்கடையில் உட்கார்ந்து பீற்றிக்கொள்வேன். ஓடுகிறதா என்பது மட்டும்தான் என் கேள்வியாக இருந்தது. என்ன ஓடுகிறது என்று நான் கேட்டதில்லை.

மதினியின் கணவர், டிரைவர் அண்ணன், எனக்குப் பழக்கமானதும் இந்தத் தொழிலால்தான். திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகும் ஒரு மினிபஸ்ஸை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டினார். அந்த பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு சதுர டிவி, அதற்குக் கீழே ஒரு அரதப்பழசான பெட்டி. போனில் இறக்கிய பாட்டைப் போட்டால் சத்தம் வரும், படம் வராது. அதனால் வாரா வாரம் என்னிடம் வருவார். நான் மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரம் குறை சொல்லிக்கொண்டு வந்தார். அகலமான படம் சதுர டிவியில் ஒல்லியாகச் சுருங்கி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுகிறதாம். "ஆடுறவ எறும்பு மாதிரித் தெரியுறா தம்பி. பின் சீட்டுல இருக்கவன் என்னைய வையுறான்" என்றார். படம் டிவி முழுக்க வரவேண்டும் என்றால் இரண்டு ஓரத்தையும் வெட்ட வேண்டும் அண்ணே என்றேன். "வெட்டுங்க. ஆடுறவ நடுவுலதான நிக்கா, ஓரத்துல என்னத்தப் பாக்கப் போறோம்" என்றார். வெட்டினேன். என்மேல் பிரியப்பட்டு, படத்துக்கு முன்னால் கடை பேரையும் போட்டுக்கொள்ளுங்கள், மூன்று யூனியன் சனமும் பார்க்கும் என்று அவரே யோசனை சொன்னார். ரோஜா இதழ்கள் மேலிருந்து கொட்ட, நாதஸ்வரம் ஒலிக்க, நல்வரவு என்று எழுத்து வந்து, கீழே என் கடை பெயர் வருகிற மாதிரி பத்து நொடிக்கு ஒன்று செய்தேன். இத்தனையையும் ஒரே பட்டனில் வரும்படி கம்ப்யூட்டரில் சேமித்து வைத்து, அதற்கு 'பஸ்' என்று பெயரும் வைத்தேன். பிறகு எந்தப் பழைய பெட்டிக்கு யார் எதைக் கேட்டாலும் அந்தப் பட்டன்தான். பஸ் பெட்டியில் ஓடுவது எங்கேயும் ஓடும்.

அவருடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து நான் ஒருமுறை திருச்சுழி வரைக்கும் போயிருக்கிறேன். பஸ் இல்லை, அவருடைய சொந்த மொபெட். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எதிரே ஒரு வண்டி கிடையாது. முன்னால் ஒரு மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது. நடுக்கோடு விடாமல் இழுத்திருக்கும் இடம் என்பதால் அவர் அதைத் தாண்டவில்லை. மாட்டுவண்டிக்குப் பின்னாலேயே ஊர்ந்துகொண்டு போனார். எனக்குப் பொறுக்கவில்லை, ஏறிப் போங்க அண்ணே என்றேன். "ஏலே, கோடு என்ன கோலமா, அழகுக்குப் போட்டிருக்கான்னு நெனச்சியா" என்றார். எனக்கு அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர் செத்தது அதே மொபெட்டில். காலை ஷிப்ட்டை முடித்துவிட்டு மத்தியானம் பாளையம்பட்டிக்குச் சாப்பிடப் போனபோது, கிராவல் ஏற்றிவந்த ஒரு டிப்பர் அடித்துவிட்டது. அது ஒரு சோகம். ஆனால் மதினிக்கு அதற்கு மேலே இன்னொன்றும் வந்து சேர்ந்தது. போலீஸில் எழுதிய காகிதத்தில், மொபெட்டில் வந்தவர் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் வந்து மோதிவிட்டார் என்று இருந்தது. மொபெட் கிடந்த இடம் எதிர்ப்பக்கம், டிப்பர்காரர் சொன்னதும் அதுவே, வேறு பார்த்தவர் இல்லை. இந்த ஊரில் ஒரு செய்தி எப்படிப் பரவும் என்று தெரியும்தானே. துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலில் செருப்பு மாட்டும்போதே, தூங்கியிருப்பான், போன் பேசியிருப்பான் என்றார்கள். அவருடன் வேலை பார்த்தவர்களே, ஊருக்கெல்லாம் கோடு பற்றிப் பாடம் நடத்தினவன் என்று உச்சுக்கொட்டினார்கள். அந்தச் சொல் மதினியின் காதில் விழுந்துவிட்டது. அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "செத்தது செத்துட்டாக தம்பி. அதுக்கு நான் அழுதுக்கிறேன். தப்பு அவுக மேலன்னு மட்டும் இருக்கப்படாது."

விபத்து நடந்த இடத்தில் ஒரு ஹார்டுவேர்க் கடை இருந்தது. கடைக்காரர் ஒரு பாய், வயதானவர், பிள்ளைகள் எல்லாரும் துபாயில். கடைக்கு வெளியே இறக்கி வைக்கும் குழாயும் சிமெண்டும் களவு போகாமல் இருக்க, கடை முகப்பை ஒட்டி ரோட்டின் நீளவாக்கில் பார்க்கும்படி ஒரு கேமரா மாட்டியிருந்தார். சாமான்கள் நடுவில், ரோடு படத்தின் ஒரு ஓரமாக விழும். அந்தக் கேமராவின் பெட்டியில் இருபது நாள் வரைக்கும்தான் படம் இருக்கும். பிறகு பழைய நாளின் மேல் புது நாள் பதிவாகிவிடும். காரியம் முடிகிற வரைக்கும் காத்திருக்காமல், எட்டாம் நாளே மதினி போய்ப் பாயின் கடையில் நின்றிருக்கிறார். பாய் தன்னுடைய பென்டிரைவையே கொடுத்து, அந்த ஐந்து நிமிஷத்தை எடுத்துக்கொடுத்தார். அந்த இடத்திலேயே அதை ஓட்டிப் பார்த்தது மதினி ஒருவர்தான். அண்ணன் கோட்டுக்கு அங்கிட்டு, தன் பக்கத்தில்தான் வருகிறார். டிப்பர்தான் கோட்டைத் தாண்டி அவர்மேல் ஏறுகிறது. மொபெட்டை இழுத்துக்கொண்டு வந்து இங்கிட்டுப் போடுகிறது. அவ்வளவையும் அவர் கண்ணால் பார்த்துவிட்டார். வக்கீலிடம் போனபோது அவருடைய குமாஸ்தா, கோர்ட்டில் இருக்கிற கம்ப்யூட்டர் பழசு, இந்தக் கேமரா ஃபைலெல்லாம் அதில் திறக்காது, பழைய முறையில் மாற்றி சிடியில் போட்டு வாங்கிவாருங்கள் என்று சொல்லியனுப்பினார். அப்படித்தான் அந்தச் சம்படம் என் மேஜைக்கு வந்தது.

அன்றைக்கு நடந்ததில் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருந்து என்ன பிரயோசனம். பென்டிரைவைச் செருகினேன். மதினியைப் பார்த்து, நீங்க வெளிய பெஞ்சுல உக்காருங்க, திரும்பவும் இதைப் பாக்க வேண்டாம் என்றேன். பெரிய மனிதத்தனமாகப் பேசுவதாக எனக்கு நினைப்பு. அவர் எழுந்துபோகும் முன்னால் நின்று, "நான் பாத்துட்டேன் தம்பி. நீங்க பாருங்க. பாத்துட்டுப் போடுங்க" என்றார். சரி மதினி என்றேன். நான் பார்க்கவில்லை. அடுத்த வீட்டு வீடியோவைப் பார்க்காமல் மாற்றிக் கொடுப்பதுதான் மரியாதை என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன், அதைத்தான் எனக்கும் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. பயம். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கேலி செய்த மனிதர் டயருக்குக் கீழே போவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கம்ப்யூட்டரில் நகல்கூட எடுக்காமல், பென்டிரைவிலிருந்தே கேமரா ஃபைலைத் திறக்கிற வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற மாதிரி செய்து, 'பஸ்' பட்டனை அமுக்கிவிட்டு, திரையை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்து சிடியில் எழுதினேன். சோதித்துப் பார்க்க என்னிடம் ஒரு பழைய பெட்டி இருந்தது. அதில் போட்டதும் பெட்டியின் முகப்பில் நொடிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓடின. ஓடுகிறது, அது போதும் எனக்கு. டிவியை நான் போடவே இல்லை. மதினி உள்ளே வந்து, பென்டிரைவு பாய்கிட்ட இரவல் வாங்குனது, சும்மா அப்படியே திருப்பிக் குடுக்கக் கூடாது என்றார். எங்கள் பக்கத்தில் இரவல் வாங்கின பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவித்தான் திருப்பிக் கொடுப்போம். "உள்ள இருக்கதை எடுத்துருங்க தம்பி. அவுக யாவாரம் பண்ற எடம். அவுக பொருளுக்குள்ள நம்ம வீட்டுச் சாவு எதுக்குக் கெடக்கணும். சிடில வந்துருச்சுல்ல?" வந்துருச்சு மதினி என்றேன். அவர் கேட்டது நியாயமாகத்தான் எனக்குப் பட்டது. துடைத்தேன். ஒருதரம் துடைத்தால் மிச்சம் இருக்கும் என்று, வைரஸுக்குச் செய்கிற மாதிரி முழுதாகத் துடைத்துக் கொடுத்தேன். வேலைக்குக் காசு வாங்க மாட்டேன் என்று வேறு பெருந்தன்மை காட்டினேன். அவர் சம்படத்தில் ஒரு பக்கம் காலி பென்டிரைவையும், மேலே உறையோடு சிடியையும் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். இரண்டு மூன்று நாளில் பாயின் பெட்டியிலும் அந்த நாளின் மேல் வேறு நாள் வந்து உட்கார்ந்திருக்கும்.

கோர்ட்டில் அந்த சிடி ஓடுவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரைக்கும் ஒருவரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை என்று சொன்னால் நம்ப முடியாது, ஆனால் அதுதான் நடந்தது. வக்கீலின் லேப்டாப் புதுசு, அதில் சிடி போடுகிற வாயே கிடையாது. குமாஸ்தா வாங்கிக் கேஸ் கட்டோடு கோத்து வைத்துவிட்டார். மதினி வீட்டில் பெட்டி இல்லை. அவருக்குத்தான் படம் மனசிலேயே இருந்ததே. மாற்றிக் கொடுத்தவன் என்ற முறையில் என்னைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள். பழைய கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டு சிடியை உள்ளே இழுத்தது. எனக்கு அப்போதுகூட, நின்றுபோகாமல் ஓட வேண்டுமே என்ற கவலைதான். ஓடியது. நாதஸ்வரம் கேட்டது. ரோஜா இதழ்கள் கொட்டின. நல்வரவு என்று வந்து, கீழே என் கடை பெயர் வந்தது. பின் பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். நீதிபதி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மதினியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன்.

பிறகு படம் வந்தது. சிமெண்ட் மூட்டைகள், குழாய்கள், கடைப் படி. அதற்கு அந்தப் பக்கம் கொஞ்சம் ரோடு, ஒரு ஆள் படுக்கிற அகலம். ஒரு டயர் வந்தது, மறைந்தது. ஒரு மொபெட் தரையோடு தேய்ந்துகொண்டு வந்து, கடைப் பக்கத்தில் விழுந்தது. கோடு இல்லை. கோட்டுக்கு அங்கிட்டு இருக்கிற பாதி ரோடும் இல்லை. மூலையில் இருந்திருக்க வேண்டிய தேதியும் நேரமும்கூட இல்லை. ஆடுகிறவள் பெரிதாகத் தெரிவதற்காக இரண்டு ஓரத்தையும் வெட்டுகிற பட்டன், டிரைவர் அண்ணன் தன் பக்கத்தில் வந்துகொண்டிருந்த அந்தப் பாதி ரோட்டை வெட்டி எறிந்திருந்தது. மிஞ்சியதில் பார்த்தால், எதிர்ப்பக்கம் வந்து விழுந்தவர் அவர்தான். "இது இல்லைங்கய்யா" என்று மதினி எழுந்து நின்றார். "இது நான் பாத்தது இல்ல. ரோடு பெருசா இருந்துச்சு." உட்காரச் சொன்னார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்ட மனிதர் இல்லை. சத்தம் போடாமல், மெதுவாகத்தான் கேட்டார். ஒரிஜினல் எங்கே? அழித்துவிட்டேன். யார் சொல்லி? நான் மதினியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, நானாகத்தான் என்றேன். இந்தப் படத்தை வெட்டியிருக்கிறீர்களா? வெட்டியிருக்கிறேன், ஆனால் வேண்டும் என்று இல்லை. அதற்கப்புறம் அந்தக் கேள்வி வந்தது. வெட்டுவதற்கு முன்னால் முழுப் படத்தை நீங்கள் பார்த்தீர்களா? அந்த ஒரு இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருந்தால், அடுத்து என்ன பார்த்தீர்கள் என்று கேட்டிருப்பார். கோட்டுக்கு அங்கிட்டுத்தான் வந்தார் என்று சொல்லியிருக்கலாம். மதினி ஒருவர் சொல்வது பெண்சாதி சொல்வதாகப் போய்விட்டது, என் சொல்லும் சேர்ந்திருந்தால் கொஞ்சமாவது எடை இருந்திருக்கும். உண்மைதான் சொல்வேன் என்று அப்போதுதான் சொல்லிவிட்டு ஏறியிருந்தேன். பார்க்கவில்லை என்றேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு நேர்மையாக இருந்த நேரம் வேறு இல்லை.

அன்று சாயந்திரமே பாயின் கடைக்குப் போனேன். மதினியைத் தவிர யாராவது அதைப் பார்த்திருக்க வேண்டுமே என்ற நப்பாசை. பாய் நாற்காலி எடுத்துப் போட்டார். "நான் திரும்பிக்கிட்டேன் தம்பி. தினம் சலாம் வச்சுட்டுப் போற மனுசன். அதைப் போயி எப்பிடிப் பாக்குறது. அந்தத் தாயி மட்டுந்தான் நின்னு பாத்துச்சு" என்றார். பென்டிரைவைக் கேட்டேன், அது கணக்கு ஃபைல்கள் ஏறி இறங்கி ஒரு வருஷமாகப் புழங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் இருந்த எல்லாச் சாமானையும் வைத்துத் தேடிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. கல்லாவுக்கு மேலே கேமராவின் திரை எரிந்துகொண்டிருந்தது. அதே கேமரா, அதே கோணம். மூட்டைகள், குழாய்கள், அதற்கு அந்தப் பக்கம் முழு ரோடு. படத்தின் ஓரத்தோடு ஓரமாக, வெள்ளை வெளேரென்று கோடு. பஸ்கள் அங்கிட்டும் இங்கிட்டும் அதன் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. நான் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பாய் டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன். எங்கள் எல்லாருக்கும் இரக்கம் இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டோம். பார்க்க வேண்டியதை மதினி தலையில் மட்டும் ஏற்றிவிட்டோம்.

ஆறேழு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அசல் பதிவு இல்லை, நகல் வெட்டப்பட்டது, அதை நம்ப முடியாது, இருக்கிற மற்றதை வைத்துப் பார்த்தால் கவனமின்றி எதிர்ப்பக்கம் வந்தது மொபெட்காரர் என்று இருந்தது. மதினி மறுநாள் கடைக்கு வந்தார். இளைத்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, "தம்பி, எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு" என்றார். "கண்ணை மூடுனா அந்த சிடில வந்ததுதான் வருது. மொதல்ல பாத்தது வர மாட்டேங்குது. கோடு எங்குட்டு இருந்துச்சு, அவுக எங்குட்டு வந்தாக, ஒண்ணும் நெப்புத் தெரியல. எல்லாரும் சொல்றாகளே, நாந்தான் ஆசைக்கு அப்பிடிப் பாத்துட்டனோ?"

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. படத்தை அழித்தேன், வழக்கை அழித்தேன், இப்போது அவர் மனசுக்குள் இருந்த ஒரே ஒரு அசலையும் என் சிடி அழித்துக்கொண்டிருந்தது. யோசிக்காமல் வாயைத் திறந்தேன். "இல்ல மதினி. நானும் பாத்தேன். மாத்துறதுக்கு முன்னாடி முழுசாப் பாத்தேன். அண்ணன் கோட்டுக்கு அங்கிட்டுத்தான் வந்தாக. டிப்பர்தான் ஏறுச்சு." அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. தண்ணீர் குடித்த மாதிரி ஒரு மூச்சு விட்டார். அங்கிட்டுத்தானா என்றார். அங்கிட்டுத்தான் என்றேன். நல்லாப் பாத்தீகளா என்றார். நல்லாப் பாத்தேன் என்றேன். அவ்வளவு நேரமும் நான் ஒரு நல்ல காரியம் செய்துகொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன்.

அவர் எழுந்து படி வரைக்கும் போனார். போனவர் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தபோது அந்த முகம் மாறியிருந்தது. "அப்ப அன்னைக்கி ஏன் தம்பி பாக்கலைன்னு சொன்னீக?"

ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய்தான் கைக்குக் கிடைத்தது. பயந்துட்டேன் மதினி என்றேன். டிப்பர்காரக வம்பு வரும்னு பயந்துட்டேன். அவர் கத்தவில்லை, அழவில்லை. "அங்க சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்று மட்டும் சொன்னார். படி இறங்கிப் போய்விட்டார். அதற்கப்புறம் என் கடைக்கு வரவில்லை. வழியில் பார்த்தால் ரோட்டின் அடுத்த பக்கம் போய்விடுவார். தையல் மெஷின் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த அவரிடம் என் வீட்டில் துணி தைக்கக் கொடுத்தனுப்பியபோது, அளவு ஜாக்கெட்டோடு அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

எத்தனையோ தடவை போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பியிருக்கிறேன். கோர்ட்டில் சொன்னதுதான் உண்மை மதினி, கடையில் சொன்னதுதான் பொய், நான் கோழைதான், ஆனால் நீங்கள் நினைக்கிற கோழை இல்லை என்று. பாளையம்பட்டி பஸ் வரும், ஏற மாட்டேன். அதைச் சொன்னால் என் பேர் கொஞ்சம் கழுவப்படும், அவ்வளவுதான். அவருக்கு என்ன ஆகும்? பார்த்த ஒருவனும் இல்லாமல் போவான். மறுபடியும் அந்தச் சிடி அவர் கண்ணுக்குள் ஓட ஆரம்பிக்கும். டிரைவர் அண்ணன் மறுபடியும் எதிர்ப்பக்கம் வந்து விழுவார். அவர் கோட்டுக்கு அங்கிட்டு இருக்க வேண்டும் என்றால் நான் இங்கே, காட்டிக்கொடுத்தவனாக இருந்தாக வேண்டும். எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

இப்போது சிடி கேட்டு யாரும் வருவதில்லை. கடையில் போன் உறை விற்கிறேன். போன மாதம் ஒரு வேலையாகப் பாளையம்பட்டி டவுன் பஸ்ஸில் போனேன். கூட்டம், பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். முன்னால் பெண்கள் சீட்டில் மதினி உட்கார்ந்திருந்தது பஸ் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பஸ் அந்த ஹார்டுவேர்க் கடையைத் தாண்டும்போது பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கையை நீட்டிக் காட்டி ஏதோ சொன்னார். அந்த அம்மா, அடப் பாவமே, எதுத்தாப்புல வந்தவன் மேல போயி விட்டுட்டாரா என்று கேட்டது. மதினி சட்டென்று திரும்பினார். பஸ் இரைச்சலையும் மீறி எனக்கு அந்தக் குரல் கேட்டது. கொஞ்சம்கூடத் தடுமாறாத, தீர்மானமான குரல்.

"அவுக மேல தப்பே கெடையாதுக்கா. கோட்டுக்கு அங்கிட்டுத்தான் வந்தாக. கண்ணால பாத்தவரு ஒருத்தரு இருக்காரு. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லாம, எங்கள நட்டாத்துல விட்டுட்டாரு."

அந்த அம்மா தலையை ஆட்டி, அவன்லாம் நல்லா இருப்பானா என்றது. மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அடுத்த நிறுத்தத்தில் பின் வழியாக இறங்கிக்கொண்டேன். போக வேண்டிய இடத்துக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது. நடந்தேன்.